குளிர்சாதனப் பெட்டியில் உணவைப் பேணுதல்
அம்பாறைக் கரையோரக் கமக்காரர் இல்லங்களுக்கு

கல்முனைச் சந்தைக்கு விடியற்காலையிற் கத்தரிக்காயும் வெண்டிக்காயும் கொண்டு செல்லும் தோட்டக்காரர், விலைபோகாத மீதியை நண்பகலில் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். வீட்டவர் அதனை வாங்கிப் பையோடு குளிர்சாதனப் பெட்டியினுள் தள்ளிவிடுகின்றனர். ஒரு கிழமை கழித்து எடுத்துப் பார்க்கும்போது கத்தரிக்காயின் தோலிற் குழிகள் விழுந்திருக்கின்றன. வெட்டினால் வித்துக்கள் கறுத்திருக்கின்றன. வெண்டிக்காய் கொழகொழத்துக் கறுத்துவிடுகிறது. "இந்த முறை வித்துச் சரியில்லை" என்று ஒருவரும், "மருந்தடித்த காய், அதுதான்" என்று இன்னொருவரும் கூறக் கேட்கிறோம்.

வித்திலும் குற்றமில்லை, மருந்திலும் குற்றமில்லை. அக்காய்களைக் கெடுத்தது குளிர். வெப்பநாட்டுப் பயிர்களிற் பல, பெட்டியின் கடுங்குளிரைப் பல நாட்களுக்குத் தாங்கமாட்டா. அதே பெட்டியில், அதே நாளில், கதவின் பக்கத் தட்டில் வைக்கப்பட்ட பால் குளிர் போதாமையாற் புளித்திருக்கும். ஒன்று குளிர் மிகுந்து கெட்டது. மற்றையது குளிர் குறைந்து கெட்டது. எதனை எங்கே வைப்பது என்பதை அறியாமையே இரண்டுக்கும் காரணமாகும்.

மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள நமது கரையோர ஊர்களிற் குளிர்சாதனப் பெட்டி இன்று ஆடம்பரப் பொருளன்று. மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்திலும், நெல் விற்ற பணத்திலும் வாங்கிய பெட்டிகள் கமக்காரர் வீடுகளிற் சாதாரணமாகக் காணப்படுகின்றன. பெட்டி வந்துவிட்டது; அதனை ஒழுங்காகப் பயன்படுத்தும் அறிவு அதனோடு சேர்ந்து வரவில்லை. நெல்லைப் பதர் நீக்கி, உலர்த்தி, ஈரமும் எலியும் அணுகாதவாறு பேணும் அதே குடும்பம், சமைத்த சோற்றையும் பறித்த மரக்கறியையும் கவனியாது விட்டுவிடுவது வியப்பே.

இழப்பு சிறிதென எண்ணவேண்டாம். ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 105 கோடி தொன் உணவு கழிவாகியது. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு கடைகளிலோ உணவுச்சாலைகளிலோ அன்றி, வீடுகளிலேயே வீணாகியது. ஆளொருவருக்கு ஆண்டொன்றுக்கு 79 கிலோகிராம். அதாவது கிழமைக்கு ஒன்றரைக் கிலோ. ஐந்து பேருள்ள குடும்பத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நானூறு கிலோவை அண்மிக்கும்.

நெல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ நெல் விளைவதற்கு வயலுக்குள் வந்துசேரும் மழைநீரும் பாசன நீரும் சராசரியாக 2,500 லீற்றர் என நெல்லாராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஒரு கோப்பைச் சோற்றுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட அரிசி வேண்டும். அவ்வரிசிக்கு நூற்றறுபது கிராம் நெல் வேண்டும். ஆகவே கோழிக்குக் கொட்டும் ஒரு கோப்பைச் சோற்றோடு சேனாநாயக்க சமுத்திரத்து நீரில் நானூறு லீற்றரையும் கொட்டுகிறோம். சிறுபோகத்தில் வாய்க்கால் நீருக்காக இரவிரவாக வரம்பிற் காத்திருந்த கமக்காரருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

பறித்த காய்க்கும் உயிருண்டு

செடியிலிருந்து பறித்தவுடன் காய் இறந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து சுவாசிக்கிறது. தன்னுள் உள்ள வெல்லத்தை எரித்து வெப்பத்தையும் நீரையும் வெளிவிடுகிறது. வேரிலிருந்து இனி நீர் வராது. ஆகையால் இழந்த நீரை ஈடுசெய்ய அதனால் இயலாது. வாடுதல் என்பது இதுவே. வெப்பநிலை பத்துப் பாகை குறையும்போது இச்சுவாசம் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மடங்கு தணிகிறது. குளிரூட்டுவதன் பயன் இவ்வளவே. கெட்ட காயைக் குளிர் நல்ல காயாக்காது. அடிபட்ட காயும் புழுக்குத்திய காயும் பெட்டிக்குள்ளும் அழுகவே செய்யும். அருகிலுள்ளவற்றையும் அழுகச் செய்யும். பெட்டியில் வைக்குமுன் தெரிந்து நீக்குவது அவசியம்.

பறிக்கும் நேரமும் இதனோடு தொடர்புடையது. காலையிற் பனியுலர்ந்தவுடன் பறித்த காய் குளிர்ந்திருக்கும்; நண்பகலிற் பறித்தது வெயிலின் வெப்பம் முழுவதையும் தன்னுள் வைத்திருக்கும். வெயிலிற் கிடந்த பத்துக் கிலோ மரக்கறியை அப்படியே பெட்டிக்குள் வைத்தால் பெட்டி முழுவதும் சூடேறும்; ஏற்கெனவே உள்ள பாலும் கறியும் பழுதாகும். நிழலில் ஒரு மணி நேரமாவது பரப்பி ஆறவிட்ட பின்னரே வைத்தல் வேண்டும்.

பழுக்கும் கனிகள் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. பழுத்த வாழை, மா, பப்பாசி, தக்காளி ஆகியன இதில் முதன்மையானவை. இவ்வாயு பட்டால் கீரை மஞ்சளாகும். வெள்ளரிக்காயும் பாகற்காயும் விரைந்து பழுத்துவிடும். வாழைப்பழச் சீப்பையும் கீரைக் கட்டையும் ஒரே இலாச்சியில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். காயாக வாங்கிய மாங்காயை விரைவிற் பழுக்கவைக்க விரும்புவோர் மாத்திரம் அதனை வாழைப்பழத்தோடு ஒரு கடதாசிப் பையில் வைக்கலாம்.

பெட்டியினுள் குளிர் எங்கே மிகுதி?

பெட்டி முழுவதும் ஒரே குளிராக இருப்பதில்லை. கதவு திறக்குந்தோறும் வெளிக்காற்றுப் படுவதால் கதவின் தட்டுகளே மிகவும் சூடான இடம். பனிக்கட்டி அறை மேற்புறத்தில் உள்ளடங்கிய பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் அவ்வறைக்கு நேர் கீழேயுள்ள தட்டு மிகுந்த குளிருடையது. பனி படியாத புதிய வகைகளிற் பின்புறமும், மரக்கறி இலாச்சிக்கு மேலுள்ள அடித்தட்டும் பெரும்பாலும் குளிர் மிகுந்தவை. உங்கள் பெட்டி எவ்வகையது என்பதை ஊகித்துக் கொண்டிராமல் அளந்து பார்ப்பதே நன்று. ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் ஓரிரவு வையுங்கள். காலையில் அது 4 பாகை செல்சியஸோ அதனிற் குறைவோ காட்டவேண்டும். உறைய வைக்கும் அறை பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் இருத்தல் வேண்டும். திருகியிலுள்ள 1, 2, 3 என்னும் இலக்கங்கள் பாகைகள் அல்ல. இலக்கம் கூடக் குளிரும் கூடும் என்பதே பெரும்பாலான பெட்டிகளில் அவற்றின் பொருள். இதனைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு கோடைகாலத்திற் குறைத்து வைத்திருந்த வீடுகளும் உண்டு.

பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், அடுப்புக்கு அருகில் வைப்பதும், மேற்கு வெயில் படும் யன்னலோரம் வைப்பதும் தவறு. பின்புறத்தில் நான்கு விரற்கடையளவாவது இடம் விடவேண்டும். உள்ளிருந்து எடுத்த வெப்பம் வெளியேறுவது அவ்வழியே. கதவு ஓரத்து இறப்பர்ப் பட்டி கரையோர வீடுகளில் மணலும் அழுக்கும் பிடித்து இறுகிவிடுகிறது. அதனைச் சோதிக்க ஓர் எளிய வழி: ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் குளிர் அவ்வழியே வீணாகிறது என்று அறியலாம். சவர்க்கார நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையேல் பட்டியை மாற்றவேண்டும். பனி படியும் பெட்டியில் அப்பனி கால் அங்குலத் தடிப்புக்கு மேல் வளரவிடலாகாது. கத்தியாற் குத்திப் பனியை உடைப்போர் குழாயை ஓட்டையாக்கிப் பெட்டியையே இழந்துவிடுவர். மின்சாரத்தை நிறுத்தி, தானாக உருகவிடுங்கள்.

எதனை எந்தத் தட்டில்?

மேற்றட்டில் சமைத்த உணவும், மீண்டும் சமைக்காமல் உண்ணும் உணவும் மூடிய பாத்திரத்தில் இருக்கவேண்டும். பாலும் தயிரும் முட்டையும் நடுத்தட்டின் உட்புறத்தில் இருத்தல் வேண்டும். கதவில் முட்டைக்கெனக் குழிகள் செய்து விற்றாலும், கதவு முட்டைக்கு உகந்த இடமன்று. பச்சை மீனும் இறைச்சியும் எப்போதும் அடித்தட்டில், விளிம்புள்ள மூடிய பாத்திரத்தில் இருத்தல் வேண்டும். பழைய வகைப் பெட்டியில் மேற்றட்டே குளிர் கூடியதாயினும் இவ்விதியை மாற்றலாகாது. மீனின் நீர் ஒழுகிச் சமைத்த கறியிற் படுவதால் வரும் தீங்கு பெரிது. குளிர் போதாதெனில் அந்த மீனை உறைய வைக்கும் அறைக்கு மாற்றுவதே வழி. கதவிலே அச்சாறு, ஊறுகாய், தேசிக்காய்ச் சாறு, குடிநீர்ப் போத்தல் ஆகியவற்றை வைக்கலாம்.

பெட்டியை முழுமையாக அடைத்தல் கூடாது. குளிர் காற்றாகச் சுற்றி வருவதற்கு இடைவெளி வேண்டும். தட்டின்மேற் கடதாசியோ துணியோ விரித்து அழகுபடுத்துவதும் காற்றைத் தடுக்கும்.

பழைய நெல்லைக் குற்றித் தீர்த்த பின்னரே புதுநெல்லிற் கைவைப்பது நம் முன்னோர் வழக்கம். பெட்டிக்கும் அதுவே விதி. புதிதாக வந்ததைப் பின்னாலும், முன்பு வந்ததை முன்னாலும் வையுங்கள். இன்று அல்லது நாளை முடிக்கவேண்டியவற்றுக்கென்று கண்மட்டத்தில் ஒரு சிறு தட்டத்தை ஒதுக்கினால், சமையலுக்கு முன் அதனைப் பார்த்த பின்னரே புதுக் காயை வெட்டும் பழக்கம் வீட்டில் உண்டாகும். மறைந்திருப்பதே மறக்கப்படுகிறது, கண்ணுக்குத் தெரியும் பாத்திரங்களிலும், திகதி எழுதிய கடதாசி ஒட்டியும் வைத்தால் மறதிக்கு இடமில்லை. திகதி எழுதுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை.

குளிரைத் தாங்கும் காயும் தாங்காத காயும்

கீரை வகைகள், வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கறிவேப்பிலை ஆகியன குளிரை நன்கு தாங்கும். அவற்றுக்குப் பகை உலர்ச்சி. வேர்ப்புறச் சேற்றை நீக்கி, பழுத்த இலைகளைக் கழித்து, ஈரம் பிழிந்த பருத்தித் துணியிற் சுற்றி இலாச்சியில் வையுங்கள். கழுவி நீர் சொட்டச் சொட்டப் பொலித்தீன் பையிற் கட்டினால் இரண்டாம் நாளே அழுகத் தொடங்கும். மலைநாட்டிலிருந்து வரும் கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி ஆகியவற்றுள் முதல் மூன்றும் குளிரை விரும்புபவை. போஞ்சியும் நம் பயற்றங்காயும் சில நாட்கள் மட்டும் தாங்கும். கரட்டின் இலையை வெட்டிவிட்டு வைக்கவேண்டும். இல்லையேல் இலை கிழங்கின் நீரை உறிஞ்சும். பச்சை மிளகாயைக் காம்பு நீக்கி, ஈரமின்றித் துடைத்து, கடதாசி விரித்த மூடிய பாத்திரத்தில் வைத்தால் இரண்டு கிழமை வரை இருக்கும்.

நம் தோட்டங்களில் விளையும் கத்தரி, வெண்டி, பாகல், வெள்ளரி, தக்காளி, பூசணி, வற்றாளை, வாழை, மா, பப்பாசி ஆகியன இதற்கு நேர்மாறானவை. கத்தரிக்கும் வெள்ளரிக்கும் பாகலுக்கும் 10 முதல் 12 பாகை வரையான குளிரே ஏற்றது. வெண்டி 7 பாகைக்குக் கீழே பழுதாகும். பழுக்காத தக்காளியைப் பெட்டியில் வைத்தால் பின் அது ஒழுங்காகப் பழுக்காது. பழுத்ததை வைத்தாலும் சுவை குன்றும். வாழையும் மாவும் 13 பாகைக்குக் கீழே தீங்குறும். வாழையின் தோல் கறுப்பதைக் கண்டிராதவர் இல்லை. முற்றிய முழுப் பூசணிக்காயை, காம்பு முறியாமல், காற்றோட்டமான பரணில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வெட்டிய பின்னரே அதற்குப் பெட்டி வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பெட்டியில் வைக்கவேண்டாம். இரண்டையும் ஒரே கூடையிலும் போடவேண்டாம்.

நிந்தவூரில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பெட்டியிருந்தும் கத்தரிக்காயைத் திண்ணை நிழலில் ஓலைப் பெட்டியில் ஈரத்துணி போட்டு வைத்திருந்தார் ஒரு மூதாட்டி. காரணம் கேட்டபோது, "குளிருக்குள்ள வெச்சா கத்தரிக்கா மரத்துப் போகும் மகன்" என்றார். ஆராய்ச்சி நூல்கள் பக்கம் பக்கமாகக் கூறுவதும் அதுவே. இவ்வகைக் காய்களை இரண்டு மூன்று நாட்களில் முடிப்பதாயின் மாத்திரம், கடதாசியிற் சுற்றி, பெட்டியிற் குளிர் குறைந்த பக்கத்தில் வைக்கலாம்.

சோறு

மரக்கறி கெட்டாற் பணம் போகும். சோறு கெட்டால் உடலுக்கும் தீங்கு. அரிசியோடு மண்ணிலிருந்து வரும் பற்றீரியா ஒன்றின் வித்திகள், சோறு கொதிக்கும் வெப்பத்திலும் சாவதில்லை. வடித்த சோறு பானையிலே மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழியாது. வாந்தியெடுத்த பின் "கறியிற் பிழை" என்பர்; பிழை பெரும்பாலும் சோற்றிலாகும்.

ஆகவே மிஞ்சும் எனத் தெரிந்த சோற்றை உண்டு முடியும்வரை பானையில் வைத்திராது, அகன்ற தட்டில் இரண்டு விரற்கடைத் தடிப்புக்கு மேற்படாமற் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மூடிப் பெட்டியில் வைக்கவேண்டும். மறுநாளே, ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே முறையில் உண்டு முடிக்கவேண்டும். சூடாக்கி மீந்ததை மறுபடியும் வைப்பது ஆகாது. "சூடாக வைத்தாற் பெட்டி பழுதாகும்" என்றஞ்சி இரவு முழுவதும் குசினி மேசையில் விட்டுவைப்பவர் உளர். பெட்டியிலும் வயிறு விலை கூடியது. கொதிக்கும் பானையை வைக்கவேண்டாம் என்பது சரியே. ஆனால் கைபொறுக்கும் சூட்டில் அகன்ற பாத்திரத்தில் வைப்பதாற் பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

தேங்காய்ப்பால் சேர்ந்த கறிகளும் சம்பலும் இக்கரையின் வெப்பத்தில் விரைவிற் புளிக்கும். நோன்புக் காலத்தில் இது மிகுதி. அசர் நேரத்திற் பள்ளிவாசலிலிருந்து வரும் கஞ்சி, அயல்வீடுகளிலிருந்து வரும் கஞ்சி, வீட்டிற் காய்ச்சியது என ஒரே மாலையில் மூன்று பாத்திரங்கள் சேர்ந்துவிடுகின்றன. தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்த கஞ்சி நோன்பு திறந்த பின்னும் வெளியில் இருந்தால் சஹருக்கு உதவாது. எவ்வளவு தேவை என்பதை முன்கூட்டியே கணித்து, சிறிய பாத்திரம் கொண்டு செல்வதே முதல் வழி. மீந்ததைச் சிறு பாத்திரங்களாகப் பிரித்து மஃரிப் தொழுகை முடிந்தவுடன் பெட்டியில் வைப்பது இரண்டாவது.

மீனும் பெருநாள் இறைச்சியும்

கரைவலை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் தேவைக்கு மேல் வாங்குவது நம் ஊர்களின் இயல்பு. சூரை, கீரி, சூடை போன்ற மீன்கள் வெயிற் சூட்டிற் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். அதனை உண்டவருக்கு முகம் சிவத்தல், தலையிடி, தடிப்பு ஆகியன தோன்றும். சமைப்பதாலோ பொரிப்பதாலோ உறைய வைப்பதாலோ அது நீங்காது. எனவே மீன் வீடு வந்த பின்னன்று, கடற்கரையிலிருந்தே குளிரிலிருத்தல் வேண்டும்; சந்தைக்குச் செல்லும்போது சிறிது பனிக்கட்டி கொண்டு செல்வது வீண்செலவன்று. வீட்டில் உடனே குடல் நீக்கிக் கழுவி, அன்றோ மறுநாளோ சமைப்பதை அடித்தட்டிலும், மற்றதை உறையவைக்கும் அறையிலும் வையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பான் இறைச்சியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஆண்டில் ஒரு நாள், எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில், சற்றுமுன் அறுத்த சூடான இறைச்சி வந்து சேருகிறது. ஐந்து கிலோ, பத்துக் கிலோ என ஒரே பையிற் கட்டி உறைய வைக்கும் அறையில் திணித்தால் வெளிப்புறம் கல்லாக இறுகும். உட்புறம் நெடுநேரம் சூடாகவே இருந்து நாற்றமெடுக்கும். அக்கட்டியை எடுத்து நாள் முழுவதும் மேசையில் உருகவிட்டு, வேண்டிய அளவை வெட்டியபின் மீதியை மறுபடி உறைய வைப்பது அதனினும் கேடு.

செய்யவேண்டியது இதுவே. இறைச்சி வருவதற்கு முதல்நாளே உறைய வைக்கும் அறையை ஒழித்து, மிகுந்த குளிருக்குத் திருகி வையுங்கள். வந்த இறைச்சியை நிழலிற் சுத்தமான தட்டங்களில் மெல்லியதாகப் பரப்பி, ஈ மொய்க்காமல் மூடிச் சூடாறவிடுங்கள்; இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நேரச் சமையலுக்குப் போதுமான அரைக்கிலோ, முக்காற்கிலோ அளவாகப் பிரித்து, பையில் இட்டு, உள்ளங்கையால் அமுக்கித் தட்டையாக்கிக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். தட்டையான பொதி விரைவில் உறையும், விரைவில் உருகும், இடமும் சிறிதே கொள்ளும். முதற்றொகுதி உறைந்த பின் அடுத்ததை வையுங்கள். உங்கள் அறை கொள்ளாததை அன்றே சமைத்தோ பங்கிட்டோ முடிப்பது நன்று. உருகவைக்க, முதல்நாள் இரவே பொதியை அடித்தட்டுக்கு இறக்கிவிடவேண்டும்.

மின்சாரம் நின்றால்

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை எவரும் மறந்திரார். அந்நாட்களில் எத்தனை வீட்டு இறைச்சியும் மீனும் மண்ணிற் புதைக்கப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. வாடைக்காற்றுக் காலத்து மழையிலும் புயலிலும் கம்பிகள் அறுந்து விழுவதும் நமக்குப் புதிதன்று.

மூடிய பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரமும், நிறைந்திருக்கும் தனி உறைபெட்டி இரண்டு நாள் வரையும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையும் குளிரைக் காக்கும் என அயல்நாட்டு நூல்கள் கூறும். அவை நம் ஊரிலும் குளிர்ந்த நாடுகளில் எழுதப்பட்டவை. கோடையில் இங்கே அதனிற் குறைவாகவே எதிர்பார்க்கவேண்டும். கதவைத் திறக்காதிருத்தலே முதன்மை. "இன்னும் குளிராக இருக்கிறதா" என்று பார்ப்பதற்குத் திறப்பவரே குளிரை வெளியே விடுகின்றனர். இடமிருந்தால் நீர் நிரப்பிய போத்தல்களை உறைய வைக்கும் அறையில் எப்போதும் வைத்திருங்கள். மின்சாரம் நின்றதும் அவற்றை நடுத்தட்டுக்கு மாற்றலாம். உறைந்த இறைச்சியிற் பனிமணிகள் இன்னும் இருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். முழுவதும் உருகிச் சூடேறியதை நம்பலாகாது. மணத்தை மட்டும் கொண்டு தீர்மானித்தல் பிழை. நோயுண்டாக்கும் பற்றீரியா எப்போதும் நாற்றம் உண்டாக்குவதில்லை.

கச்சான் காற்று நமக்குத் தரும் பெட்டி

கத்தரியும் வெண்டியும் பாகலும் விரும்பும் குளிர் பெட்டியில் இல்லையெனில் வேறெங்கே உண்டு? முற்றத்து மணலில் வைத்த மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இந்த நியாயத்தைக் கொண்டு புதுடில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் மின்சாரம் வேண்டாத செங்கல் அறை ஒன்றை அமைத்தனர். நைஜீரியாவில் மொஹமட் பாஹ் அப்பா என்னும் ஆசிரியர் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து இடையில் ஈரமணல் நிரப்பும் முறையைப் பரப்பி, 2000 ஆம் ஆண்டில் உலகப் பரிசு ஒன்றைப் பெற்றார்.

செங்கல் அறையின் அமைப்பு எளிது. காற்றோட்டமும் நிழலும் உள்ள இடத்தில், நீர்நிலைக்கு அண்மையில், 165 சதமமீற்றர் நீளமும் 115 சதமமீற்றர் அகலமும் கொண்ட ஒற்றைச் செங்கல் தளம் இடவேண்டும். அதன்மேல் ஏழரைச் சதமமீற்றர் இடைவெளி விட்டு இரட்டைச் சுவரை 67.5 சதமமீற்றர் உயரத்துக்கு எழுப்பி, இடைவெளியை ஆற்றுமணலால் நிரப்பவேண்டும். சீமெந்துச் சாந்து பூசக்கூடாது. பூசினால் நீர் கசியாது. மேலே மூங்கிற் சட்டத்தில் வைக்கோல் அல்லது ஓலை வேய்ந்த மூடி போதும். மணலையும் செங்கல்லையும் முதலில் நன்றாக ஊறவைத்து, பின் காலையும் மாலையும் நீர் தெளிக்கவேண்டும். ஏறத்தாழ நூறு கிலோ மரக்கறி கொள்ளும். துளையுள்ள கூடைகளில் வைத்து அடுக்கலாம். கடலோரத்து உப்பு மணலையும், உவர்க் கிணற்று நீரையும் பயன்படுத்தவேண்டாம். உப்புப் படிந்து செங்கல்லின் துளைகள் அடைபடும். வீட்டுத் தேவைக்கு மட்டுமெனில் இரண்டு மண்பானைகளே போதும்.

ஒரு எச்சரிக்கை. டில்லியின் உலர்ந்த கோடையிற் பத்துப் பாகைக்கு மேல் குளிர்ந்த இவ்வறை, நம் கரையில் எல்லாக் காலத்திலும் அவ்வாறு செய்யாது. காற்று உலர்ந்திருந்தாலன்றி நீர் ஆவியாகாது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இவ்வறை சிறந்த பயன் தரும். மேனியைச் சுடும் அதே காற்று மரக்கறியைக் குளிர்விக்கும். சிறுபோகத்துத் தோட்ட விளைச்சல் சந்தையிற் குவிந்து விலை விழுவதும் அக்காலத்தில் என்பது நமக்கு அனுகூலமே. இரண்டு மூன்று நாள் காத்திருந்து விற்க இயலும். கார்த்திகை, மார்கழி மாரியில் இதனால் பயனில்லை, பூஞ்சணமே பிடிக்கும். அப்போது அறையை வெறுமையாக்கி உலரவிடுங்கள்.

குளிரிலும் நிழலிலும் வைக்க இயலாத மிகுதியைப் பாகல் வற்றலாகவும், மிளகாய் வற்றலாகவும், மாங்காய் அச்சாறாகவும் ஆக்கும் முறைகளை நம் தாய்மார் அறிவர். கச்சான் வெயில் அதற்கும் உகந்தது.

செங்கல் அறை அமைக்க விரும்புவோர் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய பகுதிகளில் தத்தம் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.